எச்சில் மிஷின்

வாய் கொப்பளிக்காமல் வரச் சொல்லியிருந்தார் தமயந்தி மேடம். உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அன்று பல் விளக்காமல், வெறும் வயிற்றோடு, பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கூச்சப்பட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

செவல்நேரி கல்லூரி சின்னது. நான்குவழிச் சாலையிலிருந்து கரிசல் காட்டுக்குள் தள்ளி இரண்டு கட்டிடம், ஒரு கேண்டீன், ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். உயிர்மருத்துவத் துறை என்றால் தமயந்தி மேடமும் இரண்டு அறைகளும்தான். அப்படிப்பட்ட துறைக்கு அந்தக் கருவி வந்ததில் எல்லோருக்கும் ஆச்சரியம். சின்ன ஊர் மனிதர்களின் எச்சில் மாதிரிகள் தனக்கு வேண்டும் என்பதற்காக ஒரு கம்பெனி அதை இலவசமாகக் கொடுத்திருந்தது. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. எச்சில் மிஷின் என்று பெயர் நிலைத்துவிட்டது.

"ஒவ்வொருத்தர் வாய்க்குள்ளயும் கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு," என்றார் மேடம். "பயப்படாதீங்க, பெரும்பாலும் நல்ல கிருமிதான். ஆனா பேரு ஒண்ணா இருந்தாலும் கிருமி வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். ஒரே தட்டுல சாப்பிடுறவங்க, ஒரே பாட்டில்ல வாய் வச்சுக் குடிக்கிறவங்க, அவங்களுக்கெல்லாம் ஒரே வம்சத்துக் கிருமி இருக்கும். மிஷின் அதைத்தான் கண்டுபிடிக்கும்."

"முத்தம் குடுத்தா மேடம்?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதுலயும் போகும்," என்றார் மேடம் சிரிக்காமல். வகுப்பு சிரித்தது.

மறுநாள் முடிவு திரையில் வந்தது. ஆளுக்கொரு புள்ளி. ஒரே கிருமி உள்ளவர்களுக்கு நடுவே ஒரு கோடு; பொதுவான கிருமி கூடக்கூடக் கோடு தடிக்கும். இரட்டைச் சகோதரிகளின் கோடு தடித்திருந்தது. விடுதியில் ஒரே அறையில் இருக்கும் பெண்கள் சிலந்திவலைபோலப் பின்னிக் கிடந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கைதட்டல். கடைசியாக, யாரோடும் சேராமல் இருந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு விழுந்தது. விடுதிப் பெண்களின் கோட்டைவிடத் தடித்த கோடு.

செண்பகவல்லி. ஜெயசீலன்.

கைதட்டல் பாதியில் நின்றது.

இருவரும் ஒரே ஊர். செண்பகவல்லியின் அப்பா குருசாமி அங்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். ஜெயசீலன் காலனிப் பையன். அவன் அம்மா வெள்ளத்தாய் அதே தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். கல்லூரிப் பேருந்தில் இருவரும் ஒரே நிறுத்தத்தில் ஏறினாலும் நிற்கிற இடம் வேறு, உட்காருகிற இடம் வேறு. ஆய்வகத்தில் நுண்ணோக்கி கைமாறும்போது "இந்தா", "முடிஞ்சுதா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மிஷின் தப்பு மேடம்," என்றாள் செண்பகவல்லி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மேடம் மறுபடி எச்சில் வாங்கிப் பார்த்தார். அதே கோடு.

அந்த வாரமே கல்லூரிச் செயலாளர் ராஜமாணிக்கம் ஆய்வகத்துக்கு வந்தார். மிஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"அப்ப இது யாரு யாரோட பழகுதாங்கிறத சொல்லிரும்?"

"அதுக்காக வாங்கினது இல்ல சார். நோய் எப்படிப் பரவுதுன்னு..."

"சொல்லுமா, சொல்லாதா?"

மேடம் தரையைப் பார்த்தார். செயலாளருக்கு அது போதும். கல்லூரி முழுவதும் எச்சில் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஆரோக்கியத் திட்டம் என்று அதற்குப் பெயர்.

பிறகு கேண்டீன் மாறிப்போனது. பாட்டிலை அண்ணாந்து குடிக்கத் தெரியாதவர்கள் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்த பெண்கள் இப்போது மூடியால் மறைத்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். இட்லியைப் பிய்த்துத் தோழியின் வாயில் ஊட்டுகிற சங்கீதா, "வேண்டாம்ப்பா, எதுக்கு வம்பு" என்று தள்ளி உட்கார்ந்தாள். யாருடைய கோடு யாரிடம் போகிறது என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அதிகம் பார்த்தது செண்பகவல்லியை.

ஆய்வக வராந்தாவில் ஜெயசீலன் அவளை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கணும். என் பாட்டில்ல எப்பவாவது தண்ணி குடிச்சியா?"

"நீ என் பாட்டில்ல குடிச்சியா?"

"நான் எதுக்கு குடிக்கேன்?"

"பின்ன எப்படி வந்துச்சி? நீதான் எதையாவது கலந்திருக்கணும். குழாய்ல எச்சில மாத்தி வச்சிருக்கணும்."

ஜெயசீலன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வம்ப வெலைக்கு வாங்க எனக்கென்ன கிறுக்கா? ஒங்க வீட்டாளுங்களப் பத்தி ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா சரோஜினி செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா வந்ததும் என்ன நடக்குமோ என்று செண்பகவல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகினாலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற மனிதர். ஆனால் அன்று குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பய யாரு மகன்?"

"வெள்ளத்தாயி மகன்," என்றாள் அம்மா.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா குழாயை மூடவில்லை. கையைத் துடைக்காமலே உள்ளே போய்விட்டார். ஒரு அதட்டல்கூட இல்லை. அடி விழுந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இவருக்கு என்னவோ தெரியும் என்று தோன்றியது.

அடி ஜெயசீலனுக்கு விழுந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து காலனிக்குப் போகும் வழியில் மறித்து அடித்திருந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. அவனிடம் பைக்கே கிடையாது.

மறுநாள் காலையில் பெரியப்பா மகன் காளிராஜ் வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றான். "காப்பி குடுங்க சித்தி," என்றான். "கையத்தான் ஒடிச்சோம். உயிரோட விட்டாச்சி. இனிமே எவனும் நம்ம வீட்டுப் பிள்ளையப் பாக்க மாட்டான்." அம்மா ஆற்றிக்கொண்டிருந்த காப்பி தரையில் சிந்தியது. ஆனாலும் மிச்சத்தை டம்ளரில் ஊற்றி அவனுக்குக் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டாள்.

செண்பகவல்லியையும் ஜெயசீலனையும் விசாரிக்கத் தேதி வைத்துவிட்டார் செயலாளர். அதுவரை வகுப்புக்குப் போகலாம். அவளை வீட்டில் தடுக்கவில்லை, அதுவும் அவளுக்குப் புதிராக இருந்தது. நேராகத் தமயந்தி மேடத்திடம் போனாள்.

"ஒரே கிருமின்னு மிஷின் சொல்லுது. எப்ப இருந்து ஒரே கிருமின்னு சொல்லுமா மேடம்?"

மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். "மிஷின் சொல்லாது. நாமதான் கணக்குப் போடணும். இதைக் கேக்க ஒருத்தராவது வருவீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"நீங்களே போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம்." மேடத்தின் முகம் சுருங்கியது. "வேலை போயிருமோன்னு பயம். வா, உக்காரு."

இருவரும் கணினி முன் உட்கார்ந்தார்கள். மேடம் விளக்கினார். "ஒரு பாட்டை ரெண்டு பேர் பார்த்து எழுதுறாங்கன்னு வச்சுக்கோ. அதைப் பார்த்து இன்னொருத்தர், அதைப் பார்த்து இன்னொருத்தர். ஒவ்வொரு தடவையும் ஓரிரு எழுத்து தப்பும். போன மாசம் பிரிஞ்ச பிரதின்னா ரெண்டுக்கும் வித்தியாசமே இருக்காது. பல வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சதுன்னா அங்கங்க பிழை சேர்ந்திருக்கும். கிருமி பெருகும்போதும் இதே கதைதான்."

செண்பகவல்லியின் கிருமியிலும் ஜெயசீலனின் கிருமியிலும் பிழைகள் நிறைய இருந்தன. விடுதிப் பெண்களிடம் அப்படி எதுவும் இல்லை. தினமும் ஒரே தட்டில் சாப்பிடும் இரட்டைச் சகோதரிகளிடம்கூட இவ்வளவு இல்லை. மேடம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"செண்பா, இது பாட்டில்ல வந்தது இல்ல. உங்க வயசு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பழசு. நீங்க ரெண்டு பேரும் கைக்குழந்தையா இருக்கும்போது ஒரே ஆள்கிட்ட இருந்து வந்திருக்கு."

"ஒரே ஆள்னா?"

"குழந்தைக்கு மொதல் கிருமி அம்மாகிட்ட இருந்துதான் வரும்."

வெள்ளத்தாயின் பெயரைக் கேட்டதும் அப்பா குழாயை மூடாமல் போனது கண்ணுக்குள் வந்தது. அதட்டாத அப்பா. தடுக்காத அப்பா. அசிங்கமான ஒரு எண்ணம் முளைத்து, பேருந்தில் வீடு திரும்புவதற்குள் மரமாகிவிட்டது. நிறுத்தத்தில் இறங்கி, பிறந்ததிலிருந்து ஒரு முறைகூடப் போகாத காலனிக்குள் போனாள்.

வெள்ளத்தாய் மகனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் கை மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்திருந்தான். செண்பகவல்லியைக் கண்டதும் இருவரும் பதறினார்கள்.

"என்னத்துக்கு இங்க வந்த பாப்பா? யாராவது பாத்தா திரும்பவும் வந்து அடிப்பாக."

தன் வீட்டில் எல்லோரும் அவளை 'ஏ வெள்ளத்தாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.

"நீங்க ஒரு உண்மை சொல்லணும். எங்கப்பாவும் நீங்களும்... நானும் இவனும்..."

அதற்குமேல் வரவில்லை. ஆனால் வெள்ளத்தாய்க்குப் புரிந்துவிட்டது. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"வெளிய போ."

"இல்ல, நான்..."

"போன்னேன்! எம் பிள்ளைய ஒடிச்சிப் போட்டது பத்தாதுன்னு என்னையும் பேச வந்தியா? ஒங்கப்பா என் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல. அந்த ஆளு ஒரு நா ஆபீஸ் பின்கட்டுல வந்து நின்னாரு. கைல நீ. ஒங்கம்மாவ மதுரை ஆஸ்பத்திரில போட்டிருந்தாக, பொழைப்பாளா மாட்டாளான்னு தெரியாது. ஒனக்குப் புட்டிப்பால் சேரல. குடிச்சதெல்லாம் கக்கி, கத்தக்கூடத் தெம்பில்லாம கெடந்த. மொதலாளி வாயத் தொறந்து கேக்கல. சும்மா நின்னாரு. நான்தான் கைய நீட்டி வாங்குனேன். இவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். போதுமா?"

கட்டிலில் ஜெயசீலன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி என்று முகம் சொன்னது.

"ஏம்மா சொல்லல?" என்றான். "என்னைய அடிச்சப்பகூட ஏம்மா சொல்லல?"

"யாரு நம்புவா? மொதலாளி மகளுக்கே பால் குடுத்தாளாம், கொழுப்பப் பாருன்னு இன்னொரு கையையும் ஒடிப்பாக. நான் மொதலாளிட்டதான் போனேன். ஒன்னைய ஆஸ்பத்திரில சேத்துட்டு நேரா அங்கதான் போனேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எல்லாம் அடங்கிரும்னேன்."

"என்ன சொன்னாரு?" என்றாள் செண்பகவல்லி.

"பாத்துக்கிடுதேன்னாரு."

விசாரணை செயலாளர் அறையில் நடந்தது. செயலாளருக்கு எதிரே நாற்காலிகளில் குருசாமி, சரோஜினி, தமயந்தி மேடம். ஜெயசீலனும் வெள்ளத்தாயும் சுவரோரம் நின்றார்கள். செண்பகவல்லி யாருக்கும் பக்கத்தில் இல்லாமல் நடுவில் நின்றாள். அப்பா சொல்லிவிடுவார் என்று கடைசி வரைக்கும் நம்பினாள். மகள் மானம் போகும்போது எந்த அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்?

செயலாளர் தொண்டையைச் செருமினார். "மிஷின் ரெண்டு தடவ சொல்லிருச்சி. ஒங்க பக்கம் என்ன சொல்லுதீக?"

குருசாமி நிமிரவில்லை. "என்ன சொல்ல? எம் மக தப்பு பண்ணிட்டா. படிப்ப நிப்பாட்டிருதேன். தூரத்துல ஒரு எடம் பாத்திருக்கோம், முடிச்சி அனுப்பிருவோம். அந்தப் பயலையும் காலேஜ விட்டு அனுப்பிருங்க. இதோட விட்ருவோம்."

அப்போதுதான் செண்பகவல்லிக்கு எல்லாம் தெளிவாயிற்று. வகுப்புக்குப் போக விட்டதும், அதட்டாததும். கெட்டுப்போன மகள் என்றால் தூரத்தில் கட்டிக்கொடுத்து மறைத்துவிடலாம். வெள்ளத்தாயின் பாலில் வளர்ந்த மகளை எங்கே கொண்டுபோய் மறைப்பது? அப்பா இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"நான் தப்பு பண்ணல," என்றாள். "இவனும் பண்ணல. மேடம், அந்தக் கணக்கச் சொல்லுங்க."

மேடம் செயலாளரைப் பார்த்தார். பிறகு சொன்னார். பிழைகளைப் பற்றி, வயதைப் பற்றி, கைக்குழந்தைகளைப் பற்றி. பாதியில் நிறுத்தவில்லை.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் செயலாளர்.

"எனக்குப் பால் குடுத்தது இவுகதான்னு அர்த்தம்," என்றாள் செண்பகவல்லி சுவரோரம் கையைக் காட்டி. "எங்கப்பாவுக்குத் தெரியும். கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. குருசாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த இருப்பே போதுமானதாக இருந்தது.

சரோஜினி மெல்லத் திரும்பி வெள்ளத்தாயைப் பார்த்தாள். "எத்தன மாசம்?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்து வார வரைக்கும்மா."

"மாவுப்பால்னு சொன்னாரு." சரோஜினி கணவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். "நான் வந்து தூக்குனா வீறு வீறுன்னு அழுவ. என்கிட்ட வரவே மாட்ட. எம் பிள்ளைக்கு என்னையப் பிடிக்கல, நான் ஒட்டலன்னு எத்தன வருஷம் நெனச்சி நெனச்சி அழுதேன் தெரியுமா? நீ இவளத் தேடி அழுதிருக்கடி."

அது கோபமா, ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசாரணை முடிந்தது என்று மட்டும் செயலாளர் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவில்லை. குருசாமி அன்றிலிருந்து மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணப் பேச்சும் நின்றது. அந்த இடத்துக்காரர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சில வாரங்களில் ஆய்வகத்தில் மிஷின் மேல் உறை போட்டு, பழுது என்று அட்டை தொங்கியது.

"நல்லாத்தானே ஓடுச்சு மேடம்?" என்றாள் செண்பகவல்லி.

மேடம் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசினார். "விசாரணைக்கு அப்புறம் நிர்வாகக் குழுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. 'எங்க வீட்ல அப்படி எதுவும் இருக்காது, சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க'ன்னு. செயலாளரும் வந்தார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். காலனியோட ஒரு கோடாவது இல்லாத வாய் ஒண்ணுகூட இல்ல."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை.

"இங்கதான் அட்டை தொங்குது. எல்லார் கணக்கும் கம்பெனிகிட்ட இருக்கு. போன வாரம் ஒரு கல்யாணத் தரகர் எனக்கே போன் பண்ணினார். ஒரு பொண்ணு வீட்டு எச்சில்ல யாரோட கோடு இருக்குன்னு 'பழைய கணக்கு' வேணுமாம். அந்த வார்த்தையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல."

ஜெயசீலன் செவல்நேரிக்குத் திரும்பவில்லை. மேடம் எங்கெங்கோ பேசி மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கியிருந்தார். அவன் கிளம்புகிற அன்று செண்பகவல்லி பேருந்து நிலையத்துக்குப் போனாள். கட்டு அவிழ்த்த கை இன்னும் நேராக நீளவில்லை. பையை இடது கையில் வைத்திருந்தான்.

"போய்ட்டு வாங்கண்ணே," என்றாள்.

"அப்படிக் கூப்பிடாத." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "ஒரே பால் குடிச்சதுக்கு அண்ணன்னா, அடி வாங்குனதுக்கு என்ன? மேடம் கணக்கு போட்டதால நான் இப்ப யோக்கியன். கணக்கு வேற மாதிரி வந்திருந்தா? நான் ஒன்ன நெசமாவே விரும்பியிருந்தா? அப்ப கைய ஒடிச்சது சரியாயிருமா?"

அவள் அந்த நீளாத கையையே பார்த்தாள்.

"யாரு அடிச்சாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். காளிராஜ். எங்க வீட்டு அடுப்படில நின்னு அவனே சொன்னான்."

"பைக்ல விழுந்தேன்னு எழுதி வச்சிருக்காங்க," என்றான் ஜெயசீலன். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலை, பைக் கதையை மாற்றி எழுதச் சொல்ல வெள்ளத்தாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தபோது செண்பகவல்லி வந்தாள். பின்னாலேயே சரோஜினியும் வந்தாள். கூப்பிடாமல், சொல்லாமல், வீட்டுச் செருப்போடு. "அவன் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சி," என்றாள் மகளிடம். "காப்பி குடுத்தவ நான்தான்."

உள்ளே இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குருசாமி வீட்டுப் பெண்கள் காலனிக்காரியோடு நிற்பது அவருக்குப் பிடிபடவில்லை. எழுதுகிற ஏட்டையாவைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, சந்தேகத்தோடு செண்பகவல்லியிடம் கேட்டார்.

"நீ இந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

செண்பகவல்லி வாய் திறந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்வதற்குள் வெள்ளத்தாய் முந்திக்கொண்டாள்.

"அவ எனக்கு ஒறவுன்னு ஒண்ணுமில்லய்யா. சாட்சி சொல்ல வந்திருக்கா. எழுதிக்கோங்க."